அண்ணன் வளர்த்த மல்லியும் செங்கோடன் கழுவிக் கொடுத்த டேங்கும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த வைகாசியோடு ஓராண்டு நிறைகிறது. அட்டையில் இருப்பது பூக்கூடையோடு எடுத்த படம். ஸ்டுடியோவில் சட்டை போட்டு எடுத்த நல்ல படம் ஒன்றும் இருந்தது. அண்ணிதான் இதைப் போடச் சொன்னார். கட்டுரை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சங்ககிரியில் தையல் கடை வைத்திருப்பவளுக்கு எழுத்து எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "வாய் வருதல்லோ அம்மிணி, அதையவே எழுதுங்க" என்றார் அண்ணி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் மறுக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட கட்டுரையில் போனவருடைய நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். அண்ணனிடம் நல்லது நிறைய இருந்தது, அதை எழுதுகிறேன். கூடவே அவர் செய்த ஒரு தப்பையும், அதற்கு உடந்தையாக இருந்த என் தப்பையும் எழுதப் போகிறேன். அந்தத் தப்பினால் எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடன் என்பவருடைய பெயர் மூன்று வருடமாகக் கெட்டுக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வழவழப்பான தாளில் மலர் அடித்து என்ன பிரயோசனம்?

அண்ணன் பிறந்தது சங்ககிரிக்கு மேற்கே புளியங்காட்டுப் புதூரில். எங்கள் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் செம்மண் காடு. மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் வெறுங்காடு. அண்ணன் பத்தாவது வரை படித்தார். பிறகு லாரிக்குப் போனார். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, வீட்டுக்கு ஒருவர் லாரியில் இருப்பார். நாக்பூர், ராய்ப்பூர், கல்கத்தா என்று இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். அப்பா போன பிறகு என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காலையில்தான் ஒரிசாவிலிருந்து வந்து இறங்கினார். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பந்தலுக்கு வந்தார். பந்தியில் பரிமாறிக்கொண்டே நின்றுகொண்டு தூங்கினார். அதை இன்னமும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

முதுகுவலி வந்து லாரியை விட்டபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. போர் போட்டதில் கொஞ்சம் தண்ணீர் கிடைத்திருந்தது. எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு போடு, கோழிப்பண்ணை வை என்று சொன்னார்கள். அவர் குண்டுமல்லி வைப்பேன் என்று நின்றார். ராமநாதபுரத்துக்கு லோடு கொண்டு போன காலத்தில் தங்கச்சிமடத்தில் மல்லி நாற்று விற்பதைப் பார்த்து வைத்திருக்கிறார். அங்கே போய் நாற்றை ஈரச்சாக்கில் கட்டிக் கொண்டு வந்து இறக்கினார். "தங்கச்சிமடத்து நாத்து, அதனால பாதி உன்ற பங்கு பாப்பா, வந்து குழி எடு" என்று என்னை வேலை வாங்கினார். எனக்கு ஐம்பது வயது ஆன பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

ஒன்றேகால் ஏக்கர். நாலடிக்கு நாலடி விட்டு ஒன்றரை அடிக் குழி. மக்கிய தொழு உரம், மணல், மேல் மண் மூன்றையும் கலந்து பாதிக் குழியை மூடிச் செடியை வைத்தார். மல்லி எப்போதும் பச்சையாக நிற்கும் செடி, கோடையிலும் இலை கொட்டாது. அதைப் பார்த்து எல்லோரும் இதற்கு வேலை குறைவு என்று நினைத்துக் கொள்கிறார்கள். உண்மையில் அது கைக்குழந்தை மாதிரி. தண்ணீர் நின்றால் வேர் அழுகும். இலை வெளுத்தால் அன்னபேதி உப்பைக் கரைத்து அடிக்க வேண்டும். மொட்டில் ஊதா நிறம் ஏறினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். கார்த்திகை கடைசியில் தண்ணீரை நிறுத்திக் காடு காய்ந்த பிறகு, முழங்கால் உயரத்துக்கு எல்லாச் செடியையும் கவாத்து வெட்ட வேண்டும். முதல் வருடம் அவர் கவாத்து வெட்டியபோது அண்ணி வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "பச்சைப் பசேல்னு நின்னுதுங்களே, மொட்டையடிச்சுப் போட்டீங்களே" என்று கேட்டார். மாசியில் அதே செடி வெள்ளையாகப் பூத்தபோது கூடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

அண்ணன் செடிகளை இந்தியில் திட்டுவார். லாரிக் காலத்தில் கற்றுக்கொண்டது. பூப் பறிக்க வருகிற பெண்களுக்கு முன்னால் தமிழில் கெட்ட வார்த்தை பேசக் கூடாதாம், அதனால் இந்தி. பறிக்க வருகிற ஒருவரையும் அவர் வெறும் வயிற்றோடு காட்டில் இறங்க விட்டதில்லை. விடியும் முன்னால் மோட்டார் ரூமில் டீ போட்டு வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார். மம்பட்டி, கவாத்துக் கத்தரி, மருந்தடிக்கும் ஸ்பிரேயர் என்று எதை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். எப்போது திரும்பி வரும் என்று கேட்க மாட்டார்.

அதைவிட ஊரில் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது அவர் மூக்கு. கூடையைத் திறக்காமலே, இது இன்று பறித்த பூ, இது நேற்றைய பூ, இது மருந்தடித்து நாலு நாளான பூ என்று சொல்லிவிடுவார். யார் காட்டிலாவது செடி வாடினால் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து, வேர் அழுகியிருக்கிறதா இல்லையா என்பார். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். மூக்குக்காரர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமை.

கொரோனா இரண்டாவது அலையில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து சேலத்தில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். உயிரோடு வந்ததே போதும் என்று எல்லோரும் சாமிக்கு வேண்டுதல் செலுத்தினோம். அதற்கு ஒரு வருடம் கழித்து நான் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். வாசற்படி ஏறும்போதே எனக்குக் குமட்டியது.

"ஏண்ணா, கொழம்பு ஊசிப் போயி வாசல் வரைக்கும் நாத்தம் அடிக்குது. இதையப் போயி திங்கறியே, சீக்கு வந்து படுக்கறதுக்கா?"

கையில் எடுத்த உருண்டையை அண்ணன் தட்டிலேயே வைத்துவிட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தக் காய்ச்சலோட மூக்கு செத்துப் போச்சு பாப்பா. ஒரு வாசமும் தெரியறதில்ல. வெளீல சொல்லிப் போடாத."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"ஆருக்கும் தெரியாது. மல்லிக்காட்டுக்காரனுக்கு மூக்கு இல்லீன்னு தெரிஞ்சா ஊரு கைகொட்டிச் சிரிக்கும்."

ஒரு வருடமாகப் பூவை மூக்கில் வைத்து "ஆகா" என்று சொல்லி நடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டரிடம் காட்டலாம் வா என்று கூப்பிட்டேன். காட்டியாயிற்று, வந்தால் வரும் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அண்ணன் தலைமேல் அடித்த சத்தியம். நானும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வருடம் தை மாதம். கவாத்து முடிந்து செடியில் இளந்துளிர் சாண் நீளம் வந்திருந்தது. மல்லிக்கு அதுதான் ரொம்ப நோஞ்சான் பருவம், எது பட்டாலும் தாங்காது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் செங்கோடன் மக்காச்சோளம் போட்டிருந்தார். அவருடைய ஸ்பிரேயர் பழுதாகிவிட்டதால் அண்ணனுடையதை வாங்கிப் போய்ச் சோளக்காட்டுக்குக் களைக்கொல்லி அடித்தார். மறுநாள் காலையில் கொண்டு வந்து மோட்டார் ரூம் முன்னால் வைத்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பறிக்க வரும் பெண்கள் மூன்று பேர் களை வெட்ட வந்திருந்தார்கள்.

"அண்ணா, டேங்கை ரெண்டு தடவ கழுவிட்டனுங்க. ஆனாலும் இன்னும் லேசா வாசம் வருது. சோடா உப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊற வெச்சு அலசிட்டு அப்பறமேட்டு அடிங்க" என்றார் செங்கோடன்.

அண்ணன் அன்றைக்கே வேப்பெண்ணெய் அடிக்க எல்லாவற்றையும் கரைத்து வைத்திருந்தார். பெண்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "மூக்குக்காரரு கைல குடுங்க, அவரு மோந்தே சொல்லிப் போடுவாரு" என்றாள்.

அண்ணன் மூடியைத் திறந்தார். டேங்கைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோய் நன்றாக மூச்சை இழுத்தார். "ஒரு வாசமும் இல்லடா. நல்லாத்தான் கழுவியிருக்கற" என்றார்.

"எனக்கு வருதுங்களே அண்ணா."

"உன்ற சட்டையெல்லாம் மருந்து. அதுதான் உனக்கு வருது. போயிக் குளி போ."

மூக்குக்காரர் சொன்ன பிறகு செங்கோடன் என்ன பேசுவார்? தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

நான் அங்கிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் நின்றேன். அண்ணனுக்கு மூக்கு இல்லை என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டு எட்டு வைத்து, "எங்கே, நானும் பார்க்கிறேன்" என்று மூடியைத் திறந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்களுக்கு முன்னால் அண்ணன் முகம் சுண்டிப்போகுமே என்று தோன்றியது. ரெண்டு தடவை கழுவியிருக்கிறார், என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். டீ போட உள்ளே போனேன். ஊர் வம்புக்கெல்லாம் போகிற என் வாய் அன்றைக்குத்தான் திறக்கவில்லை.

அண்ணன் முதல் டேங்கைச் செங்கோடன் பக்கத்து வேலியோர வரிசைகளுக்கு அடித்தார். ஒரு வாரத்தில் அந்த வரிசைகளில் துளிர் எல்லாம் முறுக்கிக்கொண்டது. இலை அகலமில்லாமல் நாடா போல நீண்டு சுருண்டது. அடுத்தடுத்த டேங்க் பட்ட வரிசைகளில் கொஞ்சம் குறைவு. பாதிக் காடு போயிற்று. விவசாய ஆபீசில் காட்டியபோது, களைக்கொல்லி பட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள்.

டேங்கில் வாசமே இல்லை என்று அண்ணன் சொன்னதை மூன்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் மூக்கு தப்புச் சொல்லாது என்பது ஊருக்கே தெரியும். அப்படியானால் மருந்து டேங்கிலிருந்து வரவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? வேலியோரம்தானே ரொம்பக் கருகியிருக்கிறது, செங்கோடன் காற்றடிக்கிற நேரம் பார்த்து அடித்து எங்கள் பக்கம் விட்டுவிட்டார் என்று பேச்சாயிற்று. முந்தின வருடம் வேலிக்கல் நடுவதில் இரண்டு வீட்டுக்கும் சின்ன மனத்தாங்கல் இருந்தது. அதையும் இதோடு முடிச்சுப் போட்டார்கள். வேண்டுமென்றே செய்தான் என்றார்கள்.

அந்தப் பேச்சை முதலில் டீக்கடையில் ஆரம்பித்து வைத்தவர் அண்ணன்தான். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. தன் மூக்கு செத்துப்போனது அவருக்குத் தெரியாதா? தெரியும். காடு கருகியதைப் பார்த்த ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விட்டார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. திரும்ப வாங்க வேண்டுமானால் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. நான் தனியாகச் சண்டை போட்டேன். "செங்கோடன் பாவம்ணா, போயிச் சொல்லிப்போடு" என்று கெஞ்சினேன். "சொல்லலாம் பாப்பா, கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

ஆறவில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். கற்பூரம் ஏற்றி வைத்தார்கள். செங்கோடன், "காத்து இல்லாத நேரத்துலதான் அடிச்சேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு போகலீங்க" என்று சொல்லி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். அண்ணனைக் கேட்டார்கள். "நான் மோந்து பாத்தேன், எனக்கு வாசம் தெரியலீங்க" என்று அவரும் அணைத்தார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு சத்தியமும் உண்மை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கை முடிக்கத் தெரிந்த நான் பெண்கள் கூட்டத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். ஊர் அப்படி விடவில்லை. "கருகின காடு கண்ணுக்குத் தெரியுது. கண்ணுக்குத் தெரியாத காத்தை எவன் பாத்தான்?" என்று ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு செங்கோடனுக்கு ஊரில் ஒருவரும் ஒரு மம்பட்டி கூட இரவல் கொடுக்கவில்லை. அதே வருடம் ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. எங்களுக்காக உங்களில் பலரும் போகவில்லை. எங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் போகாமல் இருந்தீர்கள், அதில் குறையில்லை. நாங்கள்தான் உங்களை அப்படி நிற்க வைத்தோம்.

காட்டை அண்ணன் விடவில்லை. கருகிய செடிகளைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினார். மண்ணில் இருக்கும் மருந்து இறங்கிப் போகட்டும் என்று நாலு தரம் தண்ணீரை நிறைய விட்டு வடித்தார். சாணிப்பாலும் மோரும் கரைத்து ஒவ்வொரு தூருக்கும் ஒரு சொம்பு ஊற்றினார். முதுகுவலிக்காரர் குனிந்து குனிந்து ஊற்றியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிழைக்காத குழிகளில், நன்றாக இருந்த செடிகளின் கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, வேர் விட்ட பிறகு வெட்டி எடுத்து வைத்தார். ஆள் கூலிக்கு வைத்துச் செய்யலாமே என்று அண்ணி சொன்னதற்கு, "நான் கெடுத்தது, நான்தான் பண்ணோணும்" என்றாராம். அண்ணிக்கு அப்போது அது விளங்கவில்லை. அவ்வளவு தூரம் சொன்னவர் வேலியைத் தாண்டி இருபது அடி நடந்துபோகவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அண்ணன் மேல் எனக்கு உயிர். கோபமும் இருக்கிறது.

காடு மறுபடி பச்சை கட்டியபோது அண்ணன் உடம்பு விழுந்தது. சர்க்கரை ஏற்கெனவே இருந்தது. அது சிறுநீரகத்தில் வந்து நின்றது. வாரம் இரண்டு நாள் சேலத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தார். வந்த கையோடு காட்டுக்குப் போய்விடுவார். கடைசியாகச் சித்திரை முடிகிற நேரத்தில் மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது கண்ணைத் திறந்தார்.

"பாப்பா, செங்கோடனுக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்."

"நான் போயிச் சொல்லட்டாண்ணா?"

"நீ சொல்லாத. ஊட்டுக்குப் போனதும் நானே போறேன். நான் போறதுதான் மொறை."

மூன்றாம் நாள் அவரை உயிரில்லாமல்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவரால் நடந்து போக முடியாமல் போயிற்று.

எடுத்து முடிந்ததும் ஊர் வழக்கப்படி கருமாதி வரை எங்கள் வீட்டார் யாரும் பூவைத் தொடவில்லை. பறிக்கிற பெண்களும் எழவு வீட்டில்தான் இருந்தார்கள். வைகாசி மல்லிக்கு உச்ச மாதம். பறிக்காமல் விட்டால் மொட்டு அங்கேயே மலர்ந்து வாடி, புழு சேர்ந்து, அடுத்த பூவும் கெடும். நாலாம் நாள் காலையில் பால் தெளிக்கப் போய்விட்டு வந்த அண்ணன் மகன் சரவணன், "அத்தை, நம்ம காட்டுல ஆரோ பூப் பறிக்கறாங்க" என்றான். போய்ப் பார்த்தேன். செங்கோடனும் அவர் மனைவியும் வரிசைக்கு ஒருவராகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்த பூவைக் கூடையில் கட்டி வீட்டுக்கோ மார்க்கெட்டுக்கோ கொண்டுபோகவில்லை. வரப்போரம் குழி வெட்டி அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கருமாதி முடிகிற வரைக்கும் தினமும் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க இது?" என்று மட்டும் கேட்டேன்.

"செடி என்னங்கக்கா பாவம் பண்ணுச்சு?" என்றார். திரும்பிப் பார்க்காமல் பறித்துக்கொண்டே இருந்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் தலைமேல் அடித்த சத்தியம் என்று அதுவரை ஒரு சாக்கு இருந்தது. தலையே போன பிறகு எந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? போனவர் பெயர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்து மாதத்தைத் தள்ளினேன். செத்தவர் பெயருக்குப் பயந்து உயிரோடு இருப்பவர் பெயரை மிதித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் இந்த மலரைப் பற்றிப் பேச்சு வந்தது. கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அண்ணன் பூ வளர்த்த கதையை எழுதினால் கருகின கதை வராமல் இருக்குமா? அதை எப்படி எழுதினாலும் ஒரு பக்கம் பொய்யாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுச் செங்கோடன் வீட்டுக்குப் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்குச் செத்த கதையிலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"கற்பூரம் அணைச்சப்பவும் தெரியும்."

"தெரியுமுங்க."

அவர் எழுந்துவிட்டார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கத்தினார். "எம்பட புள்ள கண்ணாலத்துல பாதிப் பந்தி காலியாக் கெடந்துச்சுங்க. ஆக்குன சோத்தைக் கொண்டுபோயி மாட்டுக்குக் கொட்டினேன். ஒறம்பரை சனமெல்லாம் என்ன ஏதுன்னு கேட்டாங்க. புள்ள மணவறையில உக்காந்து அழுதுச்சு. இன்னைக்கு வந்து எங்காதுல சொல்றீங்களே, எதுக்குங்க? உங்க பாரம் எறங்கறதுக்கா?"

காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார். "எங்கால்ல விழுகாதீங்க. ஊருக்கு முன்னால என்னையக் கற்பூரம் அணைக்க வெச்சாங்க. ஊருக்கு முன்னால சொல்லுங்க. எம்பேரைச் சொல்லிச் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

வீட்டில் சொன்னபோது சரவணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பனோட மலர்ல அப்பனையே அசிங்கப்படுத்தறதா அத்தை? போயித் தனியா நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம்" என்று குதித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பெற்ற மகனுக்கு அப்படித்தான் இருக்கும். அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்த தனக்கே மூக்கு விஷயத்தைச் சொல்லாமல் போய்விட்டாரே என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. "அவரு நானே போறேன்னுதானே சொன்னாரு? போக முடியாமப் போச்சு. அவருக்குப் பதிலா அவரு பேரு போட்ட மலரு போகட்டும். எழுதுங்க அம்மிணி" என்றார். இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்துப்பிழை திருத்தியவன் சரவணன்தான்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், வாரம் இரண்டு நாள் முகம் சுளிக்காமல் சேலத்துக்குக் கார் ஓட்டிய தம்பிக்கும், எழவு வீட்டில் மூன்று வேளையும் சோறு கொண்டு வந்து கொடுத்த உறவுக்காரர்களுக்கும், பங்காளிகளுக்கும், இன்றும் எங்கள் காட்டில் மல்லி பறிக்கிற பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செங்கோடனுக்கு நன்றி மட்டும் போதாது. அதனால் ஊருக்கு முன்னால், அவர் பெயரைச் சொல்லிச் சொல்கிறேன். செங்கோடன் எங்கள் காட்டில் மருந்து விடவில்லை. டேங்கில் வாசம் இருக்கிறது என்று அவர் எச்சரித்தது உண்மை. என் அண்ணனுக்கு வாசம் தெரியாது. அது தெரிந்தும் நான் சும்மா நின்றேன்.

அண்ணனுடைய வருடத் திதிக்கு அவர் குடும்பத்தையும், கட்டிக்கொடுத்த மகளையும் மாப்பிள்ளையையும் நேரில் போய் அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால், இதைப் படித்துவிட்ட நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்து போகாதீர்கள். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வராவிட்டால், அன்று சாயங்காலம் அண்ணியும் சரவணனும் நானும் இந்த மலரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறோம். கூட வருகிறவர்கள் வரலாம்.